பிசினஸ் படிக்கலாமா? பி.காம். முதல் எம்.பி.ஏ. வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாலையிலிருந்து என் போன் ஓயாது. சொந்தக்காரர்களின் பிள்ளைகள், பழைய மாணவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவார்கள். நான் விருதுநகர் பக்கத்தில் தமிழ் வழியில் படித்தவன். பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் நான்கு வருஷம் வேலை பார்த்து, அதன் பிறகு எம்.பி.ஏ. படித்தேன். இப்போது கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பட்டத்தைக் குறைந்த செலவில் படியுங்கள். சீக்கிரம் ஒரு வேலையில் போய் உட்காருங்கள். எம்.பி.ஏ.வை அதற்குப் பிறகு யோசியுங்கள்.

பிசினஸ் படிப்பு என்றால் எந்தெந்தப் படிப்பு?

இளநிலையில் பி.காம்., பி.பி.ஏ. இரண்டும்தான் பெரிய வாசல்கள். முதுநிலையில் எம்.காம்., எம்.பி.ஏ. இவற்றுக்குப் பக்கத்திலேயே தனிப் பாதையாக சி.ஏ. (சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்), சி.எம்.ஏ. (செலவு, மேலாண்மைக் கணக்கு), சி.எஸ். (கம்பெனி செயலர்) என்ற தொழில்முறைத் தேர்வுகள் இருக்கின்றன. இவை பல்கலைக்கழகம் தரும் பட்டங்கள் அல்ல. சட்டப்படி அமைந்த நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகள். பிளஸ் டூ முடித்தவுடன் ஐந்து வருஷம் ஐ.ஐ.எம். என்ற மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனத்திலேயே படிக்கும் ஐ.பி.எம். என்ற படிப்பும் உண்டு. இந்தூர் ஐ.ஐ.எம். 2011-ல் தொடங்கி வைத்தது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு, கட்டணமும் அதிகம்.

எனக்கு இது ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். ஆனால் இதைக் கேட்பவர்கள்தான் குறைவு. "எதில் வேலை கிடைக்கும்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பணம் சம்பாதிக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. அதை வைத்து இந்தப் படிப்பு ஒத்துவரும் என்று சொல்லிவிட முடியாது. ஒரு கடையோ கம்பெனியோ எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதில் உங்களுக்கு ஆர்வம் இருக்கிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

அதற்கு நான் இரண்டு வேலை கொடுப்பேன். முதல் வேலை, உங்கள் தெருவில் தெரிந்தவர் நடத்தும் டீக்கடை. ஒரு வாரம் காலையில் போய் நில்லுங்கள். எத்தனை லிட்டர் பால், எத்தனை டீ, சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருகிறது, மாஸ்டருக்கு என்ன கூலி, வாடகை எவ்வளவு, கடன் சொல்லிக் குடிப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து, ஒரு டீயில் அவருக்கு என்ன நிற்கிறது என்று கணக்குப் போடுங்கள். பால் லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏறினால் டீ விலையை ஏற்றாமல் எத்தனை நாள் தாங்குவார், விலையை ஏற்றினால் எதிர்க்கடைக்கு எத்தனை பேர் போவார்கள் என்று மனம் தானாக ஓட ஆரம்பித்தால் நீங்கள் இந்தப் பக்கத்து ஆள். மூன்றாம் நாளே சலிப்புத் தட்டினால் அதையும் மரியாதையாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விருப்பம் வேறு எங்கோ இருக்கிறது.

இரண்டாவது வேலை, பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கிப் படிப்பது. நான் டைட்டனைச் சொல்வேன். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஓசூரில் தொழிற்சாலை, கையில் கட்டும் கடிகாரமும் தனிஷ்க் நகைக்கடையும் எல்லோருக்கும் தெரியும். ஆண்டறிக்கை அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எல்லாம் புரியாது, புரியவும் வேண்டாம். எந்தப் பக்கத்தில் நின்று நின்று படிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். விற்பனை, விளம்பரம் பற்றிய பக்கங்களா, பின்னால் இருக்கும் கணக்குப் பட்டியல்களா, ஊழியர்களைப் பற்றிய பகுதியா? பின்னால் எந்தப் பிரிவை எடுப்பது என்பதற்கும் அதில் ஒரு குறிப்பு கிடைக்கும்.

600-க்கு 560 எடுத்திருக்கிறேன். "இவ்வளவு மார்க் வைத்துக்கொண்டு பி.காம்.மா?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியில் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. மார்க் குறைந்தவர்கள் எடுக்கும் குரூப் என்று வணிகவியலை நம் ஊரில் ரொம்ப நாளாகவே ஒதுக்கிப் பேசிவிட்டார்கள். அப்பா அம்மாவோடு சண்டை போடாதீர்கள். அவர்கள் பயப்படுவது உங்கள் பிழைப்பைப் பற்றி. சி.ஏ. தேர்வின் பாடத்திட்டத்தையும், சென்னையில் பெயர் பெற்ற கல்லூரிகளில் பி.காம். சீட்டுக்கு எவ்வளவு மார்க் கேட்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள். இது சும்மா கிடைக்கும் படிப்பு இல்லை என்று அவர்களுக்குப் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்ஜினியரிங்கோ அறிவியலோ உண்மையிலேயே பிடித்திருந்தால், பிற்காலத்தில் பிசினஸ் பக்கம் வர வேண்டும் என்பதற்காக இப்போதே பி.காம். எடுக்க வேண்டியதில்லை. பெப்சிகோவின் தலைவராக இருந்த இந்திரா நூயி சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் படித்துவிட்டுத்தான் கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்குப் போனார். மேலாண்மைத் துறையில் உலகம் அறிந்த பேராசிரியரான சி.கே. பிரகலாத் லயோலாவில் இயற்பியல் படித்தவர். எம்.பி.ஏ. வாசல் எந்தப் பட்டத்துக்கும் திறந்திருக்கிறது. ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு படித்தது மின் பொறியியல், கடைசி வரை எம்.பி.ஏ. பக்கமே போகவில்லை.

பி.காம். நல்லதா, பி.பி.ஏ. நல்லதா?

என்னைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு பி.காம். பி.பி.ஏ.வில் மார்க்கெட்டிங், மனிதவளம், நிறுவன மேலாண்மை என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொடுவார்கள். பின்னால் எம்.பி.ஏ. படித்தால் அதே பாடங்கள் இன்னும் ஆழமாக மறுபடி வரும். பி.காம்.மில் கணக்குப் பதிவியல், செலவுக் கணக்கு, வருமான வரி, கம்பெனிச் சட்டம் என்று கையில் பிடிக்கக்கூடிய வேலை இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து ஒரு ஆபீஸுக்குள் போனால் முதல் நாளே ஏதாவது செய்யத் தெரியும்.

கூட்டத்தில் பேசப் பிடிக்கும், விற்பனைதான் என் உலகம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு பி.பி.ஏ. சரியாக இருக்கும். அப்படிச் சேர்ந்தால் கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. அந்த அமைப்பின் கீழ் வந்துவிட்டது.

பி.காம்.முக்குப் பின்னால் சி.ஏ., பி.ஏ., சி.எஸ். என்று ஒட்டுகள் வருகின்றனவே?

இதில் ஏமாந்தவர்கள் நிறைய. பி.காம். சி.ஏ. என்றால் கணினிப் பயன்பாடு. சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பி.ஏ. என்பது தொழில்முறைக் கணக்கியல், சி.எஸ். என்பது பெரும்பாலும் நிறுமச் செயலாண்மை. நாலைந்து பாடங்கள்தான் மாறும். ஒட்டைப் பார்த்துக் கல்லூரியை மாற்றாதீர்கள்.

தமிழ் மீடியம் படித்தவன். சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் சும்மா தைரியம் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பள்ளியில் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், வாராக்கடன் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம் சீனியர் ஒருவர், "தம்பி, டிரயல் பேலன்ஸ் டேலி ஆகுதான்னு பாரு" என்றார். அது நான் நூறு தடவை போட்ட இருப்பாய்வுதான் என்று புரியவே எனக்கு அரை நாள் ஆனது. எனக்கு விஷயம் தெரியும், பெயர்தான் தெரியாது. அன்று இரவு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆபீஸில் சொல்லும் சொல் என்று எழுத ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் நோட்டு தேவைப்படவில்லை. இன்றைக்கும் என் முதலாம் ஆண்டு மாணவர்களை அதே மாதிரி ஒரு நோட்டு போடச் சொல்கிறேன்.

கணக்கைத் தமிழில் புரிந்துகொண்டவர்களுக்கு அடித்தளம் பலமாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் பெரிய வட்டித்தொழில் நடத்திய காலத்தில் ஐந்தொகை (இன்றைய பேலன்ஸ் ஷீட்) எடுத்ததெல்லாம் தமிழில்தான். அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழியில் பி.காம். படிக்கவும் பல இடங்களில் வசதி உண்டு. ஆனால் சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் தேர்வின் மூன்று பகுதிகளில் ஒன்று முழுக்க ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும். அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் வணிகச் செய்தி படியுங்கள். பேசுவது பிறகு வரும், முதலில் வாசிப்பு வரட்டும்.

எனக்குக் கணக்கு வராதே?

எந்தக் கணக்கு என்று பாருங்கள். பி.காம்.முக்கு வேண்டியது பெரும்பாலும் கூட்டல், கழித்தல், சதவீதம், விகிதம். பிளஸ் டூ கணிதத்தில் தடுமாறிய எத்தனையோ பேர் கணக்குப் பதிவியலில் நன்றாக வந்திருக்கிறார்கள். அங்கே தேவைப்படுவது பொறுமையும் ஒழுங்கும். புள்ளியியலும் நிதி மேலாண்மையும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

சி.ஏ. போகலாமா? நிறைய பேர் பயமுறுத்துகிறார்கள்.

பயப்பட வேண்டாம், ஆனால் என்னவென்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். 1949-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த நிறுவனம் நடத்தும் தேர்வு இது. ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று கட்டம். ஃபவுண்டேஷனில் நான்கு தாள். அதில் இரண்டு கொள்குறி வகை, தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். இன்டரிலும் ஃபைனலிலும் ஆறு ஆறு தாள், இரண்டு குரூப்பாகப் பிரித்து எழுதலாம். நடுவில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற நடைமுறைப் பயிற்சி. முன்பு மூன்று வருஷமாக இருந்தது, 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருஷம் ஆக்கிவிட்டார்கள். பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்தவர்கள் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேராக இன்டரில் சேரலாம். வேறு பட்டதாரிகளுக்கு அது 60 சதவீதம்.

இதில் ஆளை உடைப்பது தேர்ச்சி விதிதான். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒரு தாளில் 38 வந்தால் மற்ற இரண்டில் என்ன எடுத்திருந்தாலும் அந்த குரூப் போச்சு. 60 அல்லது அதற்கு மேல் எடுத்த தாளுக்கு அடுத்த முயற்சிகளில் விலக்கு கிடைக்கும், அது ஓர் ஆறுதல். பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்த பிள்ளைகள் முதல் தோல்வியில் சுருண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை தோற்பது இந்தத் தேர்வில் சாதாரணம். வீட்டில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "பக்கத்து வீட்டுப் பையன் வேலைக்குப் போய்விட்டான்" என்ற ஒரு வார்த்தை போதும், பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

என் யோசனை இது. சி.ஏ.வோடு கூடவே பி.காம்.மையும் கட்டாயம் முடியுங்கள். பட்டம் கையில் இருந்தால், எப்போது நிறுத்தினாலும் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள். இன்டர் முடிக்க உங்களுக்கு நீங்களே ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இன்டர் வரை முடித்து ஆர்ட்டிகிள்ஷிப்பும் செய்தவர்களை ஆடிட்டர் ஆபீஸ்களும் கம்பெனிகளும் விரும்பியே எடுக்கின்றன. ஃபைனல் முடியவில்லை என்பதற்காக அத்தனை வருஷமும் வீண் என்று நினைக்காதீர்கள்.

சி.எம்.ஏ., சி.எஸ்.?

தொழிற்சாலை, உற்பத்திச் செலவு, விலை நிர்ணயம் பிடித்தால் சி.எம்.ஏ. சட்டம், கம்பெனி நிர்வாகம் பிடித்தால் சி.எஸ். கோயம்புத்தூர், ஓசூர் போன்ற தொழில் ஊர்களில் இருப்பவர்கள் சி.எம்.ஏ.வை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்கலாம். சி.ஏ.வில் தோற்றவர்களுக்கான ஒதுங்குமிடம் என்று மட்டும் இவற்றை நினைக்க வேண்டாம்.

அப்பாவுக்கு மொத்த மளிகைக் கடை இருக்கிறது. படிப்பு எதற்கு, நேராகக் கடையில் உட்காரலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். தொழில் கற்க வகுப்பறை ஒன்றுதான் வழி என்று நான் நம்பவில்லை. நகரத்தார் வீட்டுப் பையன்கள் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடி வேலையில் சேர்ந்து, கடிதம் எழுதி, கணக்கு எழுதி, படிப்படியாகத்தான் முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜென்டாக உயர்ந்தார்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தப் பயணத்திலிருந்துதான் இன்றைய சிவகாசி வளர்ந்தது.

இந்தக் கதைகளில் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் வீட்டை விட்டு வெளியே போய்க் கற்றார்கள். அப்பா கடையிலேயே உட்கார்ந்தால் உங்களுக்கு அப்பாவுக்குத் தெரிந்தது மட்டுமே தெரியும். அதோடு முதலாளி மகனிடம் யாரும் தவறைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். நான் சொல்வது இதுதான். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். படியுங்கள், மாலையில் கடைக்குப் போங்கள். பட்டம் முடித்ததும் இரண்டு வருஷம் வேறு யாரிடமாவது சம்பளத்துக்கு வேலை பாருங்கள். பெரிய கம்பெனியின் விநியோகஸ்தரிடமோ, சூப்பர் மார்க்கெட் ஒன்றின் கொள்முதல் பிரிவிலோ சேரலாம். சரக்கு எப்படி நகர்கிறது, பாக்கி எப்படி வசூலாகிறது, வங்கியில் கடன் வரம்பு எப்படி வாங்குகிறார்கள் என்று இன்னொருவர் பணத்தில் கற்றுக்கொண்டு வாருங்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணக்குத் தெரியாமல் கடை நடத்துவது கஷ்டம் ஆகிவிட்டது. சரக்கு அனுப்பியவர் ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) போடாவிட்டால் வாங்கியவருக்கு வரிக் கழிவு சிக்கலாகும். இதைப் படித்துப் புரிந்துகொண்ட பிள்ளை கடைக்குள் வந்தால் அப்பாவுக்கு அதுவே பெரிய பலம்.

பி.காம். முடித்தவுடன் எம்.பி.ஏ. சேரலாமா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: இப்போது வேண்டாம், இரண்டு மூன்று வருஷம் கழித்து.

காரணத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஆடிட்டர் ஆபீஸில் இருந்தபோது சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கணக்கைப் பார்த்தேன். காலண்டர், டைரி அடிப்பவர்கள். கணக்குப்படி நல்ல லாபம். ஆனால் முதலாளி தொழிலாளர் கூலிக்கு வாரக் கடைசியில் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தார். லாபம் இருக்கிறது, பணம் இல்லை, எப்படி என்று எனக்குக் குழப்பம். பேரேட்டைப் புரட்டப் புரட்டத்தான் தெரிந்தது. காகிதத்தை மாதக்கணக்கில் முன்னாடியே வாங்கி அடுக்கியாக வேண்டும், சரக்கு டிசம்பரில் போகும், பணம் அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் வரும். நடுவில் உள்ள அத்தனை மாதத்தையும் அவர் வட்டிக்கு வாங்கி ஓட்டினார்.

பின்னால் எம்.பி.ஏ. வகுப்பில் நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம், பற்றிய பாடம் வந்தபோது எனக்கு அந்த முதலாளியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தச் சூத்திரத்தை எங்கே வைத்துப் பார்ப்பது என்று அவர்களுக்கு இடம் இல்லை.

வேலைச் சந்தையிலும் இது தெரியும். சாதாரணக் கல்லூரியில் அனுபவம் இல்லாமல் எம்.பி.ஏ. முடித்த என் மாணவர்கள் பலருக்குக் கிடைத்தது பி.காம். முடித்ததுமே கிடைத்திருக்கக்கூடிய வேலைதான். இரண்டு வருஷமும் கட்டணமும் போனதுதான் வித்தியாசம். ஹைதராபாத்தில் உள்ள ஐ.எஸ்.பி. என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் தன் ஓராண்டு முதன்மைப் படிப்புக்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கிறது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்து முன்னணி ஐ.ஐ.எம். ஒன்றில் இடம் கிடைத்தால் போய்ச் சேருங்கள். அந்த வாசல் அடுத்த வருஷமும் திறக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கேட், டான்செட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கேட் தேர்வை ஐ.ஐ.எம்.கள் முறைவைத்து நடத்துகின்றன. வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு. ஆங்கில வாசிப்பு, தர்க்கமும் தரவும், கணிதம் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45. இடஒதுக்கீடும் உண்டு. அதை விசாரிக்காமலே "அதெல்லாம் நமக்கு எங்கே" என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நம் மாநிலத்திலேயே திருச்சியில் 2011-லிருந்து ஐ.ஐ.எம். இருக்கிறது.

டான்செட் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது. தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளின் கவுன்சலிங் இடங்களிலும் எம்.பி.ஏ. சேர அது போதும். கட்டணம் குறைவு, படிக்கும் பிள்ளைக்கு நல்ல வாய்ப்பு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறையாவது இதை எழுதிப் பாருங்கள்.

கடன் வாங்கி எம்.பி.ஏ. படிக்கலாமா?

வாங்கலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போடுங்கள்.

மொத்தம் 10 லட்சம், முதல் வருஷம் 5, இரண்டாம் வருஷம் 5. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருஷம், அதற்குப் பிறகு ஒரு வருஷம் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாதாரண வட்டியே மூன்று வருஷத்தில் இரண்டரை லட்சம். ஆக, கட்டத் தொடங்கும்போது பாக்கி 12.5 லட்சம். அதை ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 20,750 ரூபாய் வேண்டும்.

கையில் 60,000 வரும் வேலை என்றால் இது தாங்கும். 25,000 வரும் வேலை என்றால் வாடகைக்கே வழியில்லை. அதனால் அந்தக் கல்லூரியில் படித்த நடுத்தர மாணவருக்கு என்ன சம்பளம் கிடைக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. முதல் வரிசை ஐ.ஐ.எம்.களில் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும், ஆனாலும் அங்கே அந்தக் கணக்குப் பெரும்பாலும் நேராகிவிடுகிறது. பெயர் தெரியாத கல்லூரியில் 8 லட்சம் கட்டுவதுதான் எனக்கு அதிக பயம் தருகிறது. வீட்டையோ அம்மா நகையையோ வைத்து அப்படிச் சேர வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரி விளம்பரத்தில் சராசரிச் சம்பளம் 8 லட்சம் என்று போட்டிருக்கிறார்களே?

ஐந்து பேர் படித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு வருஷம் 3 லட்சம், ஒருவருக்கு 4, ஒருவருக்கு 27. சராசரி 8 லட்சம்தான், பொய் இல்லை. ஆனால் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 3 லட்சம். எப்போதும் நடுவில் நிற்பவரின் எண்ணைக் கேளுங்கள். எத்தனை பேர் வேலை தேடினார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் கேளுங்கள். போன வருஷம் முடித்த இரண்டு பேரிடம் பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

பி.ஜி.டி.எம்., எம்.பி.ஏ. எது மதிப்பு?

பல்கலைக்கழகமும் அதன் கீழ் உள்ள கல்லூரியும் தருவது எம்.பி.ஏ. தனித்து இயங்கும் நிறுவனம் தருவது பி.ஜி.டி.எம். என்ற முதுநிலை டிப்ளமோ. ஐ.ஐ.எம்.களே 2017-ல் தனிச்சட்டம் வரும் வரை டிப்ளமோதான் கொடுத்துக்கொண்டிருந்தன. ஆகவே பெயரை விட்டுவிட்டு நிறுவனத்தைப் பாருங்கள். பி.ஜி.டி.எம். என்றால் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இருக்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் படிக்கலாமா?

தாராளமாக. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் பெற்ற தொலைதூர, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம். இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் கட்டணமும் தாங்கும். பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுபவர்களுக்கு இது நல்ல வழி. வேலை தேடித் தரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எம்.காம். படித்தால்?

ஆசிரியர் வேலை பிடிக்கும் என்றால் படியுங்கள். எம்.காம்., பி.எட். இருந்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரிக்கு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு வேண்டும். சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்வதாக இருந்தால், அந்த இரண்டு வருஷத்தை வேலைக்குக் கொடுங்கள்.

வெளிநாட்டில்?

ஜெர்மனியில் இலவசம் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புகள் பலவற்றுக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் எம்.பி.ஏ. என்ற பெயரில் உள்ளவை பெரும்பாலும் கட்டணப் படிப்புகள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்குமான பணத்தை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் காட்டவும் வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் முதல் பட்டத்தை இங்கே முடித்து, வேலை அனுபவத்தோடு போவதே நல்லது. கமிஷன் வாங்கும் ஏஜென்டின் பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வீட்டில் பண வசதி இல்லை. பட்டப்படிப்பே முடியுமா?

முடியும். அரசு கலைக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு, சேர்க்கை இணையவழியில் நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. பல கல்லூரிகளில் மாலை நேர வகுப்பும் உண்டு.

இப்போது பி.காம். இரண்டாம் வருஷம். தப்பான படிப்பில் சேர்ந்துவிட்டேனோ என்று இருக்கிறது.

முதலில், நிறுத்தாதீர்கள். வங்கி அதிகாரி தேர்வும், டி.என்.பி.எஸ்.சி.யில் பட்டம் கேட்கும் பெரும்பாலான பதவிகளும் எந்தப் பட்டத்தையும் ஏற்கின்றன. இன்னும் ஒரு வருஷத்தில் அந்தக் கதவுகள் திறந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் 2022-லிருந்து யு.ஜி.சி. அனுமதித்திருக்கிறது. வேறு விருப்பம் இருந்தால் அதைப் பக்கத்தில் தொடங்கலாம்.

பிறகு, எது பிடிக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள். பாடமா, பாடம் நடத்தும் விதமா? என்னிடம் அப்படி வந்த ஒரு மாணவியை ஏப்ரல் லீவில் ஓர் ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்பினேன். அங்கே பத்து நாள் உட்கார்ந்தாள். வகுப்பில் தூங்கி விழுந்த அதே பாடத்தைப் பற்றி என்னிடம் வந்து ஒரு மணி நேரம் பேசினாள். இன்னொரு பையன் அதே மாதிரி போய்விட்டு வந்து, "சார், இது எனக்கு வேண்டாம்" என்றான். அவன் பட்டத்தை முடித்துவிட்டு பி.எட். போகப்போகிறான்.

நீங்களும் இந்த லீவில் ஒரு மாதம் எங்காவது போய் உட்காருங்கள். சம்பளம் கேட்க வேண்டாம், பஸ் காசு கொடுத்தால் போதும் என்று சொல்லுங்கள். ஊரில் ஆடிட்டர் யாரையும் தெரியாது என்றால், உங்கள் அப்பா சரக்கு வாங்கும் கடைக்காரரிடம் அவருக்குக் கணக்குப் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள்.